செதுக்காத நாற்பத்தொரு மூடிகள்

ஆற்றுவாயின் மணல்திட்டில் திமிங்கிலம் வந்து ஒதுங்கியதே, மிஷன் மணிக்கூண்டில் இடி விழுந்து மணி இரண்டாய்ப் பிளந்ததே, பழைய கொடி இறங்கிப் புதுக்கொடி ஏறியதே, அந்த ஒரே வருடத்தில் பிறந்து, அந்தத் திமிங்கிலத்தின் பருமனோடு இன்று இந்த அவையின் தலைமை இருக்கையை நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே!

சிரியுங்கள், சிரியுங்கள். அவரே சிரிக்கிறார்.

தோணியேறி வந்திருக்கும் தென்கரைத் தோழர்களே! வலையை உலரவிட்டு வந்திருக்கும் வலைஞர் குலத்து வல்லவர்களே! மாமன் முறையுடைய மூத்தவர்களே! மருமகன் முறையுடைய இளையவர்களே! இடுப்பில் பிள்ளையும் இதழோரம் புன்னகையுமாய் இருக்கும் என் தாய்மார்களே! கிந்தோம்பா ஊரின் மண்ணே, மாமரமே, மரத்தடிக் காற்றே! உங்கள் அனைவருக்கும் இந்தப் புவாத்தியின் வணக்கம்.

நாளை இந்த ஊர் தனக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அரசியலைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. தாளைக் கொடுத்தால் எது மேல் எது கீழ் என்று கேட்பவன் நான். ஆனால் மரத்தில் செதுக்கியதை வாசிப்பேன். எண்பத்தாறு மழைக்காலம் பார்த்த கண் இது. பார்த்ததை மறக்காத கண். ஆகவே பார்த்ததையே சொல்கிறேன். திமிங்கில வருடத்தில் இந்த ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் நான்கு நாள் ஊமையாய் இருந்த கதையைச் சொல்கிறேன்.

அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? காலையில் ஆற்றின் பழுப்பு நீரும் கடலின் நீல நீரும் கைகோத்துக்கொண்டு கிடக்கும். பனி வந்து இரண்டையும் மூடும். அந்தப் பனிக்குள் யாரோ உலக்கை போடுவார்கள். உலக்கையும் தெரியாது, கையும் தெரியாது, ஓசை மட்டும் வரும். ஊரே ஒரு கனவுக்குள் கிழங்கு இடிப்பதுபோல் இருக்கும்.

அந்நாளில் ஆண்கள் வீட்டில் உண்பதில்லை. இதோ இந்த இடத்தில் ஒரு கொட்டகை இருந்தது. எல்லோரும் கூடி அங்கேதான் உண்போம். வீட்டுக்கு வீடு பானை வரும். வாழையிலை மூடி வந்தால் அந்த வீட்டில் அமைதி. மரமூடி வந்தால் அந்த வீட்டில் ஒரு வழக்கு. மூடியின் மேல் ஒரு பறவை இருக்கும், ஒரு நண்டு இருக்கும், மூன்று அடுப்புக்கல் இருக்கும், கண்ணியில் மாட்டிய கால் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பழமொழி. மனைவி வாயால் சொல்லாததை மரத்தால் சொல்லுவாள்.

என்ன? பின்வரிசையில் யார் அது? அந்தப் பழமொழிகளில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்களா? சொல்ல மாட்டேன் தம்பி. மரத்தில் இருக்கும்வரைதான் அதற்கு மானம். வாயில் ஏறினால் மலிந்துவிடும்.

இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி: மூடிக்குப் பதில் சொல்லாமல் பானையில் கை வைக்கக் கூடாது. கொட்டகையில் சொல்லலாம், சமையற்கட்டு வாசலில் போய்ச் சொல்லலாம். ஆனால் மூடியை எடுக்க வேண்டியது அவள் கை. இரண்டாவது விதி, அதுதான் பெரிய விதி: மூடிக்குப் பதில் சொல்லாதவன் ஊர்ச்சபையில் வாய் திறக்கக் கூடாது. சொந்த அடுப்புக்குப் பதில் இல்லாதவனுக்கு ஊரில் என்ன பேச்சு?

நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே. உங்களுக்குச் சபையில் இடமில்லை, வாக்கில்லை. ஆனால் சபையில் யார் பேசலாம் என்பதை உங்கள் பானை தீர்மானித்தது!

லுயெம்பா என்று ஒருவர் இருந்தார். வாயாடி. அவர் வாரம் தவறாமல் மரமூடி வாங்குவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வாசிப்போம்.

"அண்ணே, இன்னைக்கும் பறவைதான் வந்திருக்கு. எங்க பறந்து போனீங்க?"

"தூண்டில் போடப் போனேன்டா."

"தூண்டில்ல மீன் மாட்டுச்சா, மீனோட அக்கா மாட்டுனாளா?"

இப்படிச் சிரித்துச் சிரித்தே ஆளைத் திருத்திவிடுவோம். அடி இல்லை, உதை இல்லை, அழுகை இல்லை. அதுதான் எங்கள் நீதிமன்றம். அதன் படிகளில் மீன்குழம்பு மணக்கும்.

இப்போது என் மாமாவைச் சொல்கிறேன். மகோசோ, இந்த ஊரின் தலைவர், என் தாயின் தம்பி. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தந்தையின் இருக்கை மகனுக்கு வராது, மாமனின் இருக்கை மருமகனுக்கு வரும். சிறுத்தைத்தோல் விரித்த அந்த இருக்கை என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். என் மனைவி லேலோ, உதட்டுக்குள்ளேயே சிரிப்பவள்.

கொடி மாறப் போகிறது என்று காற்றுக்கே தெரிந்த காலம். பழைய அதிகாரிகளுக்கு அவசரம். போவதற்கு முன் முடிக்க வேண்டிய தாள்கள் எத்தனையோ. ஒரு நாள் மாமா எங்கள் ஐந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். பக்கத்தில் நீல மை.

"மருமகனே, கிழக்கு மேடு இருக்குல்ல, அதைத் தோட்டக் கம்பெனி எடுத்துக்குது. பதிலுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவாங்க, தகரக் கூரையோட. மழை பெஞ்சா சத்தம் கேக்கும்டா, மத்தளம் மாதிரி!"

"மாமா, கிழக்கு மேடு பொம்பளைங்க கிழங்குக் காடாச்சே. அவங்களைக் கேக்க வேணாமா?"

"கேட்டா வேண்டாம்பாங்க. பள்ளிக்கூடம் வந்தப்புறம் அவங்களே நன்றி சொல்வாங்க. வை விரலை."

அவர் கெட்டவரல்லர் தோழர்களே. தகரக் கூரையில் மழை விழும் ஓசையை அவர் துறைமுகத்தில் ஒருமுறை கேட்டிருந்தார். அந்த ஓசை அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. ஓர் ஓசைக்காக ஒரு மேட்டைக் கொடுக்கத் துணிந்தார். நான்? நான் ஓர் இருக்கைக்காகத் துணிந்தேன். வைத்தேன் விரலை. மாமாவோடு சேர்த்து ஆறு பேரும் வைத்தோம். நான்காம் நாள் அதிகாரி வருவார்; ஊர் கூடியிருக்கையில் ஒருவர் எழுந்து மூன்று முறை "சம்மதம்" என்று சொல்ல வேண்டும்; அப்போதுதான் தாளுக்கு உயிர். அதுவரை வாய் திறக்கக் கூடாது என்று மாமா சொன்னார்.

வாய் திறக்கவில்லை. ஆனால் விரல் இருந்ததே! அந்த நீல மை போகவே இல்லை. மணலில் தேய்த்தேன், எலுமிச்சையில் தேய்த்தேன், சிப்பியால் சுரண்டினேன். தோல் போயிற்று, நீலம் போகவில்லை.

கொட்டகைக்குக் கிளம்புமுன் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? மனைவி. மாமாவின் மனைவி மூயிலா, பதினேழு வயதுப் பெண், செம்பைச் சாய்த்தபோது பார்த்திருக்கிறாள். என் லேலோ சாய்த்தபோது பார்த்திருக்கிறாள். ஊற்றடியில் குடம் நிரம்பும் நேரத்தில், ஆறு பெண்கள் ஆறு விரல்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மூயிலா மட்டும் அந்தத் தாளில் மேட்டின் படத்தைப் பார்த்திருந்தாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் தன் காட்டின் வளைவை, தன் பாத்தியின் நெளிவை, எந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியாது?

அவர்கள் அழுதார்களா? இல்லை. ஆர்ப்பரித்தார்களா? இல்லை. சபை வாசலில் வந்து நின்று சண்டையிட்டார்களா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

மறுநாள் உச்சி வேளை. நாங்கள் கொட்டகையில் வட்டமாய் உட்கார்ந்திருக்கிறோம். முதல் பானை வந்தது. மரமூடி.

"லுயெம்பா அண்ணே, உங்களுக்கு வழக்கம்போல வந்திருச்சு!"

இரண்டாவது பானை. மரமூடி. மூன்றாவது. மரமூடி. நாலு, ஐந்து, பத்து, இருபது. சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிற்று. நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு பானை, நாற்பத்தொரு மரமூடி. மனைவியை இழந்தவருக்குத் தங்கை அனுப்பியிருந்தாள். குனிந்து பார்த்தோம். பறவை இல்லை. நண்டு இல்லை. அடுப்புக்கல் இல்லை. மூடியின் மேல் ஒன்றுமே இல்லை! வெறும் மரம். பனி மூடிய ஆறு போல, விடியாத வானம் போல, வெறுமையாய் ஒரு வட்டம்.

மூடி செதுக்கும் இன்சாவு கல்யாணமாகாதவன்; அதனால் சபையில் பேச்சுரிமையும் இல்லாதவன். அவனைப் பிடித்து உலுக்கினோம்.

"டேய், என்னடா இது?"

"எனக்கென்னண்ணே தெரியும்? வழுவழுன்னு இழைச்சு அடுக்கி வச்சிருந்தேன். அக்காமாருங்க மொத்தமா வந்து நின்னாங்க. இன்னும் செதுக்கலையேன்னேன். வேணாம், இப்படியே குடுன்னு அள்ளிட்டுப் போயிட்டாங்க."

செதுக்கிய மூடிக்குப் பதில் சொல்லலாம். செதுக்காத மூடிக்கு என்ன பதில் சொல்வது? கேள்வி இருந்தால்தானே பதில்! பானைக்குள்ளிருந்து செம்பனை எண்ணெயும் கருவாடும் மணக்கின்றன. வயிறு கூப்பிடுகிறது. மூடி ஒன்றும் சொல்லாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒவ்வொருவனும் தன் குற்றத்தைத்தான் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான். லுயெம்பா எழுந்து, வெளியே கேட்கும்படி, "அந்தப் பெரிய மீனை உன் வீட்டுக்குக் கொண்டுவராம வடக்குத் தெருவுல குடுத்தது நான்தான், மன்னிச்சுக்கோ!" என்று கத்தினார்.

வெளியே விறகின் மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "அப்படியா? அது எனக்குத் தெரியாதே! இன்னும் என்னென்ன இருக்கு?" என்றாள்.

மூடி எழவில்லை.

பும்பா என்றொருவர் எழுந்தார். மாமியாருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி விருந்துக்குப் போனதைச் சொன்னார். மூடி எழவில்லை. இன்னொருவர் எழுந்தார். மனைவியின் சேவலைத் தின்றது காட்டுப்பூனை அல்ல, தான்தான் என்றார். மூடி எழவில்லை. முப்பத்தைந்து ஆண்கள் மூன்று நாளாய்த் தங்கள் பாவங்களையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினார்கள். பெண்கள் கேட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆறு பேர் மட்டும் பேசவில்லை. ஆறு பேரும் கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தோம்.

இளநீரும் காட்டுப்பழமும்தான் உணவு. பசி ஏறினால் கண் மிதக்கும், தெரியுமா? எனக்கு அந்த மூடி ஒரு நிலாவாய்த் தெரிந்தது. பிறகு ஒரு குளமாய்த் தெரிந்தது. பிறகு கிழக்கு மேடாய்த் தெரிந்தது. ஒரு செடியும் இல்லாத, ஒரு பெண்ணும் இல்லாத, மொட்டை மேடாய்.

மூன்றாம் நாள் பிற்பகல் மாமா என்னைப் படகுத்துறைக்கு அழைத்துப் போனார். அவர் முகம் வற்றியிருந்தது. அந்த வற்றலிலும் அறிவு கூர்மையாய் இருந்தது.

"மருமகனே, இவளுகளை என்னமோன்னு நெனச்சேன். நாளைக்கு அதிகாரி வர்றான். ஊர்ல ஒரு ஆம்பளைக்கும் பேச உரிமை இல்ல. மூடிக்குப் பதில் சொல்லாதவன் எப்படிச் சபையில சம்மதம்னு சொல்லுவான்? பூட்டு போட்டுட்டாளுக!"

"அப்ப விட்டுரலாமா மாமா?"

"விடறதா? நீ இருக்கியே! உனக்குத்தான் தெரியும்ல, என்ன கேக்கறாளுகன்னு. போ. லேலோகிட்ட விரலைக் காட்டு. அவ மூடியை எடுப்பா. ஊர்லயே உனக்கு மட்டும்தான் வாய் திறந்திருக்கும். நாளைக்கு மூணு தடவை சம்மதம்னு சொல்லு. மறுநாளே என் இருக்கையில உன்னை உட்கார வைக்கிறேன், என் கண் முன்னாடியே."

"நீங்களே மூயிலாகிட்ட விரலைக் காட்டலாமே?"

அவர் ஆற்றையே பார்த்தார். "நான் தலைவன்டா. நேத்து வந்தவ முன்னாடி விரலை நீட்டிக்கிட்டு நிக்கவா?"

பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சமையற்கட்டு வாசலில் வைத்தேன். லேலோ வந்து நின்றாள். கட்டைவிரலை மட்டும் நீட்டினேன். அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அட பாவமே, தோலே போயிருச்சே! இப்படித் தேய்ச்சதுக்கு முதல் நாளே நீட்டியிருக்கலாம்ல?"

மூடியை எடுத்தாள். அவ்வளவுதான். ஏசவில்லை, எதுவும் கேட்கவில்லை. புதிதாய்ச் சமைத்ததைத் தட்டில் வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு மாமா என்னைச் சம்மதம் சொல்லச் சொல்றார். இருக்கையைத் தர்றேங்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

"சாப்பிடுங்க, ஆறிடும்."

"லேலோ, என்ன சொல்லட்டும்?"

"அதை நான் எதுக்குச் சொல்லணும்? வாய் உங்களுது. திறந்தாச்சு."

சபையோர்களே! என்னை மிரட்டியிருந்தால் மீறியிருப்பேன். கெஞ்சியிருந்தால் கோபித்திருப்பேன். அவளோ என் கையில் ஒரு கவளத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இலையில் கட்டி அவித்த அந்தக் கிழங்கை வாயில் வைத்தேன். அது எந்த மண்ணில் விளைந்தது? அந்த மேட்டில். என் தாய் குனிந்த மேடு. அவள் தாய் குனிந்த மேடு. ஆவி எழுந்தது. அந்த ஆவிக்குள் பெண்கள் வரிசை வரிசையாய் ஏறிப் போனார்கள். முகம் தெரியவில்லை, கூடை தெரிந்தது. கூடை மறைந்தது, பாட்டுக் கேட்டது. பாட்டு மறைந்தது, பனி மட்டும் நின்றது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். உப்பு சரியாய் இருந்தது.

நான்காம் நாள். அதிகாரி வந்தார், மொழிபெயர்ப்பாளர் வந்தார், தாள் வந்தது. ஆண்கள் சபையில் இருந்தோம். பெண்கள் யாரும் இல்லை. எல்லோரும் மேட்டின்மேல் வரிசையாய் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் மாமாவிடம் கேட்டார். "தலைவரே, சம்மதமா?"

மாமா உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். சபையில் பேச உரிமை இல்லாதவன் அப்படிப் பொத்துவதுதான் எங்கள் வழக்கம். மொழிபெயர்ப்பாளர் அடுத்தவரைக் கேட்டார். அவரும் பொத்தினார். வரிசையாய்க் கேட்டுக்கொண்டே போனார். வரிசையாய்ப் பொத்திக்கொண்டே போனார்கள்.

"என்னய்யா, ஊருக்கே தொண்டை கட்டியிருக்கா? காலரா கீலராவா?" என்று இரண்டடி பின்னால் போனார் அவர்.

நான் எழுந்தேன். மாமாவின் கண் என்மேல் இருந்தது. அந்தக் கண்ணில் இருக்கை இருந்தது, தகரக் கூரை இருந்தது, மழை இருந்தது. என்னைத் தோளில் தூக்கிக் கடல் காட்டிய மனிதர் அவர். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இந்த மேடு எங்களுது இல்ல. எங்களுது இல்லாததுக்கு நாங்க விரல் வச்சோம். வச்ச விரல் இதோ. வச்சது தப்பு. சம்மதம் இல்ல."

அதிகாரி, "என்ன சொல்கிறான்?" என்றார்.

"சம்மதம் இல்ல!" என்றேன். மேட்டின்மேல் யாரோ எழுந்து நின்றார்கள். "சம்மதம் இல்ல!" என்றேன். மேடு முழுவதும் எழுந்து நின்றது! ஒரு கூச்சல் இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. காற்றில் நாற்பத்தொரு முந்தானைகள் மட்டும் அசைந்தன. அதைவிடப் பெரிய முழக்கத்தை இந்த எண்பத்தாறு வருடத்தில் நான் கேட்டதில்லை!

தாள் மடிந்தது. அதிகாரி போனார். சில நாளில் கொடி மாறிற்று. பிறகு அந்தத் தாளைத் தேடி யாரும் வரவில்லை. அன்று மாலை ஊரெங்கும் மூடிகள் எழுந்தன. நான்கு பேர் தாங்களாகவே போய் விரலை நீட்டினார்கள். முப்பத்தைந்து பேர் கேட்காத குற்றங்களை ஒப்புக்கொண்டதற்கே மன்னிப்புப் பெற்றார்கள். லுயெம்பாவுக்கு மட்டும் மறுநாளும் மூடி வந்தது, நல்ல பெரிய மீன் செதுக்கி.

மாமா என்னிடம் வந்தார். "மருமகனே, இனிமே நீ என் அக்கா மகன். அவ்வளவுதான்" என்றார். புரிந்துகொண்டேன். மாமாவுக்குப் பின் இருக்கை என் தம்பிக்குப் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு. பொய் சொல்ல மாட்டேன். இன்றும் சிறுத்தைத்தோலைக் கண்டால் கண் ஒரு கணம் நிற்கும்.

ஆனால் மாமாவின் கதைதான் பெரிது. அவர் விரலை நீட்டவில்லை. ஒன்பது வருடம் நீட்டவில்லை! தன் அக்கா வீட்டில் உண்டார். சபைக்கு வருவார், இருக்கையில் உட்காருவார், உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார். ஒன்பது வருடம் இந்த ஊரின் தலைவர் சபையில் ஒரு வார்த்தை பேசவில்லை. தான் காக்க வேண்டிய விதியைத் தனக்கு எதிராகவும் காத்தார். அப்படிப்பட்ட தலைவரை நாளை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்களா? சொல்லுங்கள்! மூயிலாவோ ஒன்பது வருடமும் நாள் தவறாமல் சமைத்தாள், நாள் தவறாமல் அந்த வெற்று மூடியால் மூடி அனுப்பினாள். மாலையில் தொடாத பானையைத் திரும்ப எடுத்துப் போவாள். கடைசி நாளில், மூச்சு மேலும் கீழுமாய் இருந்தபோது, பாயில் கிடந்தபடி அவர் கையை நீட்டினார். விரலில் மை எங்கே இருக்கும்? எப்போதோ போய்விட்டது. வெறும் விரல்தான். அவள் மூடியை எடுத்தாள். இரண்டு கவளம் உண்டார்.

"உப்பு கம்மி" என்றார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் தாய்மார்களே. இன்னும் கொஞ்சம்தான்.

வாக்குக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டே வருகிறார்கள். திறக்க உரிமை இருக்கிறதா என்று அவர்களை யார் கேட்கிறார்கள்? மேட்டைக் காத்தது என் வாய் என்று இந்த ஊர் அறுபது வருடமாய்ச் சொல்கிறது. என் பெயரில் பாட்டுக்கூட இருக்கிறது. தவறு, தோழர்களே, தவறு! நான் மூன்று முறை பேசினேன். அவர்கள் நான்கு நாள் பேசாதிருந்தார்கள். எது கடினம்? எது வீரம்? எது அரசியல்?

லுயெம்பா படகு கவிழ்ந்த வருடம் போனார். இன்சாவு அம்மை வந்த வருடம். பும்பா பாலம் கட்டிய வருடம். என் லேலோ, இரட்டை மழை பெய்த வருடத்தில், கிழங்கு பிடுங்கி வந்து கூடையை இறக்கிவைத்த கையோடு போனாள். மூடி அனுப்பிய பெண்களில் நாற்பது பேர் போய்விட்டார்கள், ஒவ்வொருவராய், பனிக்குள் நடந்து போவதுபோல.

இந்த மேடையில் எனக்குப் பின் பேச ஏழு ஆண்களின் பெயர் எழுதியிருக்கிறது என்றார்கள். அவர்கள் காத்திருக்கட்டும். என்னைப் பொறுத்திருந்து கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. சிரித்த இடத்தில் சிரித்துச் சிறப்பித்த இளையவர்களுக்கு நன்றி. தலைமை தாங்கும் திமிங்கிலத்துக்கு நன்றி. எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதிதான் பேசியிருக்கிறேன். மீதிப் பாதியை, அறுபது வருடமாய் எந்த மேடையும் பேசக் கூப்பிடாத ஒருவருக்குத் தருகிறேன். என் கண்ணுக்குத் தூரம் சரியாய்த் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கைகொடுத்து எழுப்புங்கள். வழிவிடுங்கள் ஐயா. அந்த நாற்பத்தொரு பேரில் இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர். வணக்கம். வாங்க அத்தை, மூயிலா.